பூச்செடிகளுக்கு நடுவே நாய்: சேலத்து வீட்டுத் தோட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலம் மாவட்டத்தில் நாய் வளர்ப்பவர் தம் தோட்டத்தில் முதலில் தேட வேண்டிய செடி அரளி. பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகப் பயிராகி, வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு மூட்டையாக வந்து இறங்கி, சாமிக்கும் மாலைக்கும் போய்ச் சேரும் பூ அது. ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, புகையையும் வெயிலையும் தாங்கும் என்பதால் நெடுஞ்சாலையின் நடுத்திட்டிலும் அதையே நட்டிருக்கிறார்கள். நாள்தோறும் கண்ணில் படுவதால் அதன் மேல் நமக்கு அச்சம் விட்டுப்போயிற்று. ஆனால் வீட்டோரம் நிற்கும் பூச்செடிகளில் ஒரு நாயின் உயிரை எளிதில் எடுக்கக்கூடியவற்றுள் முதல் வரிசையில் இருப்பது இந்த அரளிதான்.

பூந்தோட்டத்தையும் நாயையும் ஒரே வளாகத்தில் நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியும். அதற்கு "இந்தப் பூ நல்லதா, கெட்டதா" என்று கேட்டால் மட்டும் போதாது. செடியின் எந்தப் பாகத்தில் நஞ்சு இருக்கிறது, உங்கள் நாய் அந்தப் பாகத்தை எட்டுமா, அதன் வேரில் நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே ஒரு நாள் காலையில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, தோட்டத்தைக் குனிந்தபடியே ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். உங்கள் முழங்கால் உயரத்துக்குக் கீழே இருக்கிற இலை, உதிர்ந்த காய், வெட்டிப் போட்ட குச்சி, தோண்டினால் கிடைக்கும் கிழங்கு, தொட்டித் தட்டில் தேங்கிய நீர் ஆகியவைதாம் நாயின் தோட்டம். மேலே பூத்திருக்கும் பூவை நாய் பெரும்பாலும் பொருட்படுத்துவதே இல்லை.

அரளியும் அதன் உறவுகளும்

செவ்வரளியாக இருந்தாலும் வெள்ளரளியாக இருந்தாலும் இலை, பூ, பட்டை, வேர், பால் என எல்லாப் பாகங்களிலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. சில இலைகளே ஒரு நாய்க்கு ஆபத்தாகலாம். முதலில் எச்சில் வடியும், வாந்தி வரும், வயிற்றுப்போக்கில் இரத்தம் கலந்திருக்கலாம்; பிறகு இதயத்துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ ஆகி நாய் சோர்ந்து விழும். இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது என்பதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பச்சை இலை கசப்பதால் பெரிய நாய் பெரும்பாலும் துப்பிவிடும்; பல் முளைக்கும் குட்டியோ சருகையும் குச்சியையும் விடாமல் மெல்லும். விளையாட்டுக்காக நாயிடம் எறியும் குச்சி அரளிக் குச்சியாக இருந்துவிடக் கூடாது என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

குட்டி இருக்கும் வீட்டில் அரளியை வேரோடு எடுத்துவிடுவதே சரி என்பது என் உறுதியான எண்ணம். எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்க வேண்டாம், அதன் புகையும் தீங்கானது. நாய் தோண்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடலாம். பூசைக்குப் பூ வேண்டும், எடுக்க மனம் வரவில்லை என்றால், செடியைச் சுற்றி நாயின் மூக்கு நுழையாத கம்பி வலையை இடுப்பளவுக்குக் கட்டி, வலைக்கு வெளியே வரும் கிளைகளைக் கழித்து, உதிர்ந்த இலைகளைத் தினமும் கூட்டி அள்ளுங்கள். செடிக்கடியில் நாயின் தண்ணீர்த் தொட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். அரளிக்கிளை செருகி வைத்த பூச்சாடியின் தண்ணீரும் நஞ்சாகிவிடும்.

மஞ்சள் அரளி எனப்படும் பொன்னரளியும் இதே வகை நஞ்சு உடையதுதான். அதன் பச்சைக் காய்க்குள் இருக்கும் கொட்டை மிகக் கொடியது. காய் உருண்டு விழுவதால் நாய்க்குப் பந்து போலக் கிடைத்துவிடுகிறது. சேலம் நகரத்து மொட்டைமாடிகளில் இப்போது தொட்டி தொட்டியாக நிற்கும் அடினியமும் அதே குடும்பத்துச் செடிதான். பருத்த அடித்தண்டும் இளஞ்சிவப்புப் பூவுமாக அழகாக இருப்பதாலும், தொட்டி சரியாக நாயின் முகத்துக்கு நேரே இருப்பதாலும், இதில் கூடுதல் கவனம் வேண்டும். தொட்டியை மதில் மேலோ உயரமான இரும்புத் தாங்கியிலோ ஏற்றிவிட்டால் பெரும்பகுதிச் சிக்கல் தீரும். கவாத்து செய்தபின் துண்டுகளை எண்ணிப் பொறுக்கி எடுக்க வேண்டும். எருக்கும் இந்த வரிசையில் சேர்ந்ததே. அதன் பால் நாயின் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடக் கூடும். விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் எருக்கம்பூ மாலையைக் கொல்லையில் வீசிவிடாதீர்கள்.

பெயர் தெரியாத செடி ஒன்று தோட்டத்தில் இருந்தால், அதன் இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால், அது இன்னதென்று தெரியும் வரை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். பால் வடியும் எல்லாச் செடியும் கொல்லும் என்பதில்லை. நம் தோட்டங்களில் பால் வடியும் பூச்செடிகளுள் தோலையும் வயிற்றையும் புண்ணாக்குபவையும் இதயத்தைத் தாக்குபவையும் கலந்தே இருப்பதால் இந்தச் சோதனை பயன்படுகிறது.

கிழங்கும் விதையும்

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் மழைக்காலத்தில் வேலிகளில் தானாகவே ஏறிப் பூக்கும். சிலர் அழகுக்காக வளர்க்கவும் செய்கிறார்கள். அதன் நஞ்சு செடி முழுவதும் இருந்தாலும், மண்ணுக்கடியில் இரு கவடாகக் கிளைத்திருக்கும் கிழங்கில்தான் மிகுதி. கண்வலிக்கிழங்கு என்று நாம் சொல்வது அதையே. தோண்டும் பழக்கம் உள்ள நாய் இருக்கும் வீட்டில் இந்தக் கொடி கூடவே கூடாது. அதைத் தின்ற நாய்க்குக் கடுமையான வாந்தியும் இரத்தப்போக்கும் தொடங்கி, உள்ளுறுப்புகளும் எலும்பு மஜ்ஜையும் கெடும். முதல் சில மணி நேரம் நாய் நன்றாக இருப்பது போலத் தோன்றுவதும் உண்டு.

ஊமத்தையைக் கடித்த நாயின் கண்மணி அகல விரிந்துவிடும். வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், தடுமாறி நடக்கும், இல்லாததைப் பார்த்துக் குரைக்கும். குன்றிமணியும் ஆமணக்கு விதையும் ஓடு உடையாமல் விழுங்கப்பட்டால் சில சமயம் அப்படியே வெளியேறிவிடும். மென்று விழுங்கினால் மிகவும் ஆபத்து. வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கும், பனையைப் போன்ற சைக்கஸ் ஒரு பூச்செடி அல்ல என்றாலும் அதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் விதை நாயின் ஈரலை அழித்துவிடும். அதைத் தின்ற நாய்களில் பல இறந்துவிடுகின்றன.

நடுத்தரமானவை

நித்தியகல்யாணி எந்த வறட்சிக்கும் அசையாது என்பதால் சேலத்து வெயிலில் எல்லா வாசலிலும் பூத்து நிற்கிறது. அதை அதிக அளவில் தின்றால் வாந்தி, இரத்த அழுத்தக் குறைவு, நடுக்கம், வலிப்பு வரை போகலாம். இந்தச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்னும் மருந்தைத்தான் தெருநாய்களுக்கு இனச்சேர்க்கை வழியாகப் பரவும் புற்றுக்கட்டிக்குக் கால்நடை மருத்துவர்கள் ஊசியாகப் போடுகிறார்கள். அளந்து கொடுத்தால் உயிர் காப்பதும் அளவில்லாமல் தின்றால் உயிரைக் குடிப்பதும் ஒரே செடி.

சாமந்தி நாயைக் கொல்லாது. ஆனால் இலையைத் தின்றால் வாந்தியும் பேதியும் வரலாம், தோலில் பட்டால் சில நாய்களுக்கு அரிப்பு எடுக்கும். டேலியாவும் ஜெரேனியமும் இதே அளவுத் தொல்லை தருபவை. செண்டுமல்லியைச் சாமந்தியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு செடி. பெரும்பாலான நாய்களுக்கு வயிற்றை லேசாகக் கலக்குவதோடு நின்றுவிடும். ஆந்தூரியம், மணி பிளாண்ட், டிஃபன்பேக்கியா ஆகியவற்றின் சாற்றில் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருப்பதால், கடித்த உடனேயே வாய் எரிந்து, நாக்கு வீங்கி, நாய் முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். அந்த எரிச்சலாலேயே நாய் மேலும் தின்னாமல் நிறுத்திவிடும் என்பது ஒரு நன்மை. குளிர்ந்த நீரால் வாயைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் சரியாகும். தொண்டை வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

தயக்கமின்றி வைக்கக்கூடியவை

மல்லிகை, ரோஜா, பெட்டூனியா, ஜெர்பெரா, காசித்தும்பை ஆகியவற்றால் நாய்களுக்கு நஞ்சு ஏறுவதில்லை. நம் வீடுகளில் வளரும் சிவப்புச் செம்பருத்தியும் பொதுவாகத் தீங்கற்றது. நிறையத் தின்றால் வயிறு இளகலாம், அவ்வளவே. ரோஜாவுக்கும் காகிதப்பூவுக்கும் முள்தான் கவலை. நாய் ஓடும் தடத்தை ஒட்டி அவற்றை நட்டால், அதன் கண்ணுக்கும் பாதத்துக்கும் காயம் ஏற்படும். குட்டியோடு புதிதாகத் தோட்டம் போடுபவர்களுக்கு என் யோசனை: முதல் வருடம் குண்டுமல்லியும் செம்பருத்தியும் பெட்டூனியாவும் மட்டும் வையுங்கள். குட்டி மெல்லுவதை விட்ட பிறகு மற்றவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

ஏற்காட்டுத் தோட்டங்கள்

சேர்வராயன் மலையில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் ஹைட்ரேஞ்சா, ஜெரேனியம், டேலியா, மணி போலத் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தை வகையான ப்ருக்மேன்சியா எல்லாம் செழித்து வளரும். கோடை விழா மலர்க் காட்சியைப் பார்த்துவிட்டு இறங்கும்போது பலரும் இவற்றில் ஒன்றிரண்டு நாற்றைக் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஹைட்ரேஞ்சாவின் இலையிலும் மொட்டிலும் சயனைடை வெளிவிடக்கூடிய பொருள் இருக்கிறது. நாய்களிடம் அது பெரும்பாலும் வாந்தி பேதியாகவே வெளிப்படுகிறது. ப்ருக்மேன்சியாவை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பெரிய பூக்கள் வாடி மொத்தமாகத் தரையில் விழுவதால், மேலே எட்டாது என்ற நிம்மதிக்கு இடமில்லை.

மலையில் பூச்செடிகளுக்குள் உண்ணிச்செடி தானாகவே புகுந்துவிடும். ஆடு மாடுகளின் ஈரலைக் கெடுப்பதில் பேர்போனது அது. நாய்க்கும் அதன் பச்சைக் காய் ஆகாது. ஆர்க்கிட் வளர்க்கும் ஆசையால் நாய்க்குக் கேடு வராது. ஏற்காட்டில் 1963 முதல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருப்பதாலோ என்னவோ, இங்கே வீட்டுக்கு வீடு அந்த ஆர்வம் இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஃபெலனாப்சிஸ், டென்ட்ரோபியம் வகைகள் நாய்களுக்குப் பாதுகாப்பானவை.

மலையில் பலரும் மறந்துவிடும் ஒன்று காபி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே காபித் தோட்டங்கள் இருப்பதால் அதை யாரும் நஞ்சாக நினைப்பதில்லை. காபிக் கொட்டையில் உள்ள காஃபீன் நாய்க்குப் பெரும் கேடு. பழம் எடுக்கும் பருவத்தில் உதிர்ந்த பழங்களையும் களத்தில் காயும் கொட்டையையும் நாய் தின்றால், அமைதியிழந்து, நெஞ்சு படபடத்து, உடல் நடுங்கும். சிறிய நாய்க்கு இது உயிராபத்து.

வேரில் போடுவது

செடியைவிட அதற்குப் போடும் எருவினால் நாய்கள் அதிகமாகச் சிக்குவதே எனக்குத் தோன்றும் உண்மை. ரோஜாவுக்கு நல்லது என்று நாம் போடும் பயன்படுத்திய டீத்தூளிலும் காபித்தூளிலும் காஃபீன் மிச்சமிருக்கிறது. வெங்காயத் தோலை ஊறவைத்து ஊற்றும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து மூடாமல் வைத்தால் நாய்க்கு அது விருந்து. பூசணம் பிடித்த புண்ணாக்கில் இருக்கும் நஞ்சோ ஈரலைக் குலைத்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஆமணக்குப் புண்ணாக்கு. நம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் தனி ஆராய்ச்சி நிலையமே இருக்கும் அளவுக்கு ஆமணக்கு இங்கே பழகிய பயிர். எண்ணெய் எடுத்த பிறகு விதையின் நஞ்சு எண்ணெயில் போகாமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. எலும்புத் தூளோடு கலந்து விற்கும்போது வாசனைக்கு ஈர்க்கப்பட்டு நாய் மண்ணைத் தோண்டி அதைத் தின்கிறது. நாய் இருக்கும் வீட்டில் இதைப் போடவே போடாதீர்கள். மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போதும். அதேபோல் குருணையாக வரும் பூச்சிமருந்தையும் நத்தைக் கொல்லி உருண்டையையும் தொட்டி மண்ணில் போட்டுவிட்டு நாயைத் திறந்துவிடக் கூடாது. குருணை தின்ற நாய்க்கு எச்சிலும் கண்ணீரும் பெருகி, கண்மணி சுருங்கி, தசைகள் துடிக்கும். நத்தை மருந்து தின்றால் விடாத வலிப்பு வரும். மருந்து தெளித்த செடியின் அருகே, அந்த மருந்தின் மேலுறையில் சொல்லியிருக்கும் கால அளவு முடியும் வரை, நாயை விடாதீர்கள்.

மாலை கட்டிய நூல்

சாமி படத்திலிருந்து கழற்றிய வாடிய மாலையைக் குப்பைக் கூடையில் போடும்போது பூவை மட்டும் பார்க்கிறோம். மாலை கட்டிய நைலான் நூலை நாய் விழுங்கினால், அதன் ஒரு முனை எங்காவது மாட்டிக்கொள்ள, குடல் அந்த நூலின் மேல் சுருங்கிச் சுருங்கி ஏறி, கடைசியில் அறுபட்டுவிடும். விழுங்கிய நூலின் முனை வாயிலோ ஆசனவாயிலோ தெரிந்தால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாலையை நூலிலிருந்து உருவிப் பூவை எருக்குழிக்கும், நூலை மூடியிட்ட குப்பைத் தொட்டிக்கும் அனுப்புவதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. இறுதி ஊர்வலம் போன தெருவில் நாயை நடத்திக் கூட்டிப்போகும்போது சிதறிக் கிடக்கும் அரளி மாலைகளையும் கவனியுங்கள்.

தின்றுவிட்டால்

வாயில் மிச்சம் இருப்பதை விரலால் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், நல்லெண்ணெய், முட்டை என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். ஊற்றுவது நுரையீரலுக்குப் போய்விடலாம். உப்பு மிகுந்தால் அதுவே தனி நஞ்சு. மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்கவைக்கவும் முயல வேண்டாம்.

உடனே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். என்ன செடி, எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது, நாயின் எடை என்ன என்ற ஐந்தையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும்: "டாக்டருங்களா, எங்க நாய் லேப்ரடார்ங்க, இருவத்தஞ்சு கிலோ இருக்கும்ங்க. அரை மணி நேரத்துக்கு முந்தி செவ்வரளி இலை நாலஞ்சு மென்னுருச்சுங்க. ஒரு தடவை வாந்தி எடுத்திருக்குதுங்க." இவ்வளவும் கேட்டுவிட்டால், நாய் வந்து சேர்வதற்குள் அவர் கரித்தூள் மருந்தையும் இதயத்துக்கான ஊசியையும் எடுத்து வைத்திருப்பார். செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பூவோடும் காயோடும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் இலைத் துண்டு இருந்தால் அதையும் ஒரு டப்பாவில் கொண்டுபோகலாம்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகள் கடந்து சேலத்துக்கு இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மலையிலேயே உள்ள கால்நடை மருந்தகம் எந்நேரம் திறந்திருக்கும், இரவில் சேலத்தில் யார் பார்ப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து, எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணையும் எழுதி வையுங்கள். கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால், சேலத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அரளி, பொன்னரளி, அடினியம் ஆகியவற்றைத் தின்ற நாய் வாந்தி எடுத்துவிட்டுத் தெளிவாக நடமாடினாலும், இதயத்துடிப்பை மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை வீட்டுக்கு அழைத்துவரக் கேட்காதீர்கள். ஆமணக்கும் செங்காந்தளும் தின்றதாகச் சந்தேகம் இருந்தால், அறிகுறி ஏதும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்டிவிட்டு, அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு நாய் சாப்பிடுகிறதா, சிறுநீர் கழிக்கிறதா, ஈறு வெளிறியிருக்கிறதா, மலத்தில் இரத்தம் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்து, ஏதாவது மாறினால் அப்போதே மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.